கீ லார்கோ மேன்ஹோல்: இறக்கப்படாத ஒரு கேஸ் டிடெக்டர்

2017 ஜனவரி 16, திங்கட்கிழமை காலை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்குத் தெற்கே கடலுக்குள் நீளும் தீவு வரிசையில் கீ லார்கோ என்று ஒரு தீவு. அங்கே ஒரு குடியிருப்புத் தெருவில், போட்ட சாலை அமுங்குகிறது என்று அப்பகுதி மக்கள் புகார் கொடுத்திருந்தார்கள். சாலை வேலையை எடுத்திருந்த ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் காரணம் பார்க்க வந்தார்கள். மேன்ஹோல் மூடியைத் திறந்தார்கள். ஆழம் சுமார் 15 அடி. ஒருவர் உள்ளே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து சத்தமே இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க இரண்டாமவர் இறங்கினார். அப்புறம் மூன்றாமவர். மூன்று பேருமே திரும்பவில்லை.

தீயணைப்புப் படை வந்தது. முதலில் இறங்க முயன்ற வீரருக்கு முதுகில் காற்று உருளையோடு அந்தத் திறப்புக்குள் நுழைய முடியவில்லை. உருளையைக் கழற்றிவிட்டு இறங்கினார். நொடிகளில் அவரும் மயங்கினார். அவரைச் சகாக்கள் மேலே எடுத்து, மயாமி மருத்துவமனைக்கு விமானத்தில் அனுப்பினார்கள். உயிருக்குப் போராடி அவர் பிழைத்தார். தொழிலாளர்கள் மூவரையும் காப்பாற்ற முடியவில்லை.

அழுகிய தாவரக் கழிவிலிருந்து உண்டான ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் அந்தக் குழிக்குள் இருந்தன என்று உள்ளூர் அதிகாரிகள் பிறகு தெரிவித்தார்கள். இரண்டும் புதிய விஷயங்கள் இல்லை. கையில் அடங்கும் ஒரு மீட்டரில் இரண்டையும் அளந்துவிடலாம். மூடியைத் திறந்த நேரத்துக்கும் முதல் ஆள் கால் வைத்த நேரத்துக்கும் இடையே நடந்திருக்க வேண்டிய ஒரு பத்து நிமிட வேலையைப் பற்றித்தான் இந்த ஆய்வு.

விசாரணை சொன்னது

அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கீழ் வரும் பணிப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா ஆறு மாதத்தில் விசாரணையை முடித்தது. பத்துக் கடுமையான விதிமீறல்களை அந்த நிறுவனத்தின் மேல் சுமத்தி, 1,19,507 டாலர் அபராதம் முன்மொழிந்தது. பட்டியலில் இருந்தவை: இறங்குவதற்கு முன் குழியிலிருந்த காற்றை வெளியேற்றவில்லை, வெளிக்காற்றை உள்ளே செலுத்தவுமில்லை. நச்சு வாயு இருக்கிறதா என்று அளவுத்திருத்தம் செய்யப்பட்ட, நேரடியாக எண்ணைக் காட்டும் கருவியால் சோதிக்கவில்லை. உள்ளே ஒருவர் விழுந்தால் மீட்பதற்கான சாதனம் கொடுக்கப்படவில்லை.

இந்த வேலைகளுக்கு விதி இல்லாமல் இருந்திருந்தால் வேறு பேச்சு. மேன்ஹோல், தொட்டி போன்ற அடைபட்ட இடங்களில் இறங்குவதற்கான விதிகள் அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்கு 1993லேயே வந்துவிட்டன. கட்டுமானத் துறைக்குத் தனி விதி 2015 ஆகஸ்ட் 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. கீ லார்கோ விபத்து நடந்தது அதற்குப் பதினேழு மாதங்கள் கழித்து. அந்த விதியின்படி 5 அடிக்கு மேல் ஆழமுள்ள குழியில் இறங்குகிறவர் ஹார்னஸ், அதாவது கயிறு மாட்டும் உடல் வார், போட்டிருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை மேலே வின்ச் போன்ற ஒரு தூக்கும் சாதனத்தில் இருக்க வேண்டும். 15 அடிக் குழிக்கு இது பொருந்துமா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. மேலே ட்ரைபாடு என்ற முக்காலித் தாங்கியும் அதில் ஒரு கயிறும் இருந்திருந்தால், முதல் ஆள் விழுந்தவுடன் மற்ற இருவரும் கைப்பிடியைச் சுற்றியிருப்பார்கள். குழிக்குள் குதித்திருக்க மாட்டார்கள்.

அந்த விதியில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. இறங்கப் போகிற தொழிலாளி, இறங்கும் முன் செய்யும் வாயுச் சோதனையைக் கண்ணால் பார்க்க வாய்ப்புத் தரப்பட வேண்டும். என்னைக் கேட்டால் முழு விதிநூலிலும் முக்கியமான வரி அதுதான். மேலதிகாரி “செக் பண்ணியாச்சு, இறங்கு” என்று சொல்வதும், இறங்குகிறவரே மீட்டர் திரையில் எண்களைப் பார்ப்பதும் ஒன்றில்லை.

குழிக்குள் இருந்தது என்ன

ஹைட்ரஜன் சல்பைடுக்கு அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூட வேண்டாம், அதற்கும் கீழேயே மூக்கு கண்டுபிடித்துவிடும். இதனாலேயே ஒரு தப்பான நம்பிக்கை வளர்ந்திருக்கிறது: நாற்றம் வந்தால் வாயு இருக்கிறது, நாற்றம் போனால் வாயு போய்விட்டது. உண்மை என்னவென்றால், 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் இந்த வாயு சில நிமிடங்களில் மோப்ப உணர்வை மழுங்கடித்துவிடும். அதற்கு மேல் போனால் இன்னும் வேகமாக. நாற்றம் குறைந்ததும் நிம்மதியாக ஒரு படி கீழே இறங்குகிறவர், முன்பைவிட அதிக விஷத்துக்குள் இறங்கிக்கொண்டிருப்பார்.

அளவு ஏற ஏற உடம்பில் என்ன நடக்கும் என்பது நன்றாகவே பதிவாகியிருக்கிறது. 100 பிபிஎம் என்பதே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கப் பணிநல ஆய்வு நிறுவனம் குறித்திருக்கும் எல்லை. 500 முதல் 700 வரை போனால் தள்ளாட்டம், ஐந்து நிமிடத்தில் விழுந்துவிடுவார். 700 முதல் 1,000 வரை என்றால் ஒன்றிரண்டு மூச்சிலேயே நினைவு போய்விடும். ஏணியில் கை பிடித்திருக்கும் ஆள் கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது. கீ லார்கோவில் அடுத்தடுத்து இறங்கிய யாருமே மேலே ஏற முடியாமல் போனதையும், தீயணைப்பு வீரர் நொடிகளில் மயங்கியதையும் இந்த வரிசையோடு வைத்துப் பார்த்தால், அந்தக் குழியில் இருந்த அளவு மிக அதிகம் என்றுதான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

இந்த வாயு எப்படி உண்டாகிறது? காற்றுப் புகாத ஈரத்தில் இலை தழை, சேறு, கழிவு எதுவாக இருந்தாலும் அழுகும்போது சில பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் சல்பேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகின்றன. கடல்நீரில் சல்பேட் ஏராளம். கீ லார்கோ பவளச் சுண்ணாம்புப் பாறைத் தீவு. நிலத்தடியில் உப்புத் தண்ணீர் எளிதாக ஊறிவரும் இடம். அங்கே மூடிக் கிடந்த ஒரு குழியில் இந்த வாயு சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. கடலோரத்தில் இருக்கும் எந்த ஊருக்கும் இதே கணக்கு பொருந்தும்.

காற்றைவிட இந்த வாயு சுமார் 1.2 மடங்கு கனமானது, அடியில் தங்கும். மீத்தேன் காற்றைவிடப் பாதிக்கும் சற்று மேல் எடைதான், மேலே ஏறும். காற்று அசையாத குழியில் மேலே ஒரு காற்று, நடுவில் ஒரு காற்று, அடியில் ஒரு காற்று என்று அடுக்கடுக்காக நிற்கும். மூடியைத் திறந்து வாயிலில் மட்டும் மீட்டரை நீட்டிப் பார்த்துவிட்டு “க்ளியர்” என்று சொல்வது இதனால்தான் கொலைக்குச் சமம்.

மீட்டரை இறக்கியிருந்தால்

நாலு வாயு மீட்டர் என்று களத்தில் சொல்வார்கள். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. திரையில் நான்கு எண்கள்: ஆக்சிஜன், தீப்பற்றும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் என்று காட்டும், மற்ற மூன்றும் பூஜ்யம். ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனாலும் 23.5க்கு மேலே போனாலும் அலாரம். தீப்பற்றும் வாயு, எரியத் தொடங்கும் குறைந்தபட்ச அளவில் பத்தில் ஒரு பங்கை எட்டினால் அலாரம். கார்பன் மோனாக்சைடுக்கு வழக்கமாக 35 பிபிஎம், ஹைட்ரஜன் சல்பைடுக்கு 10 பிபிஎம்.

இதைச் சும்மா ஆன் செய்து கயிற்றில் கட்டி இறக்கினால் போதாது. அந்தக் காலையில் ஒரு பயிற்சி பெற்ற ஆள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று பார்ப்போம்.

மீட்டரைக் குழியிலிருந்து தள்ளி, வண்டிப் புகை வராத இடத்தில் ஆன் செய்வார். ஆன் ஆகும்போது பல மீட்டர்கள் அந்த இடத்துக் காற்றைச் சுத்தமான காற்று என்று எடுத்துக்கொண்டு பூஜ்யத்தைச் சரிசெய்துகொள்ளும். திறந்த குழியின் வாயில் நின்று இதைச் செய்தால், அங்கே கசிந்து நிற்கும் வாயுவையே மீட்டர் பூஜ்யமாக வைத்துக்கொள்ளும். அப்புறம் உள்ளே இருக்கும் விஷத்தைக் குறைத்துக் காட்டும். எனக்குத் தெரிந்து களத்தில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

அடுத்து, சிறு உருளையில் வரும் சோதனை வாயுவை மீட்டருக்குக் கொஞ்சம் காட்டுவார். அளவு தெரிந்த வாயு அது. நான்கு எண்ணும் ஏறி, அலாரம் அடித்து, விளக்கு மின்னி, மீட்டர் அதிர்ந்தால் அன்றைய வேலைக்குத் தயார். ஒரு நிமிட வேலை, தினமும் செய்ய வேண்டும். ஏன் என்றால், உள்ளே இருக்கும் சென்சார்கள் சத்தமில்லாமல் செத்துப்போகும். தீப்பற்றும் வாயுவை அளக்கும் சூடான மணிச் சென்சாரைச் சிலிக்கோன் கலந்த ஸ்பிரே, பசை போன்றவை பாழாக்கிவிடும். மின்வேதிச் சென்சார்கள் சில வருடங்களில் தானாகவே தீர்ந்துபோகும். செத்த சென்சாரும் சுத்தமான காற்றில் இருக்கும் சென்சாரும் திரையில் காட்டுவது ஒரே பூஜ்யத்தைத்தான். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வாயுவைக் காட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பிறகு குழாய். மீட்டரில் உள்ள சிறிய பம்ப், நீளமான குழாய் வழியாக அடியிலிருந்து காற்றை இழுத்து வரும். குழாயின் நுனியை விரலால் அடைத்தால் பம்ப் திணறி அலாரம் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் எங்கோ ஓட்டை. நுனி குழிக்குள் இருக்க, மீட்டர் மேல்காற்றைச் சுவாசித்துக்கொண்டிருக்கும் என்று பொருள்.

மூடியைத் தூக்குவதற்கு முன்பே, அதிலுள்ள சிறு துளை வழியாகக் குழாயை விட்டு ஒரு முறை பார்ப்பார். மீத்தேன் தேங்கியிருக்கும் குழியில் இரும்பு மூடியைக் கடப்பாரையால் நெம்பினால் ஒரு பொறி போதும். அப்புறம் மூடியைத் திறந்து, காற்று வரும் பக்கம் நின்றுகொண்டு குழாயை இறக்குவார். ஏறத்தாழ நாலு அடிக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும். 15 அடிக் குழிக்கு வாயில், நாலு அடி, எட்டு அடி, பன்னிரண்டு அடி, அடித்தளம் என்று ஐந்து இடம். ஒவ்வொரு இடத்திலும் குழாயில் காற்று மேலே வந்து சேர வேண்டும், சென்சார் முழு அளவைக் காட்ட இன்னும் ஒரு அரை நிமிடமாவது ஆகும். அவசரப்பட்டு இழுத்துவிட்டால் போன இடத்தின் எண்ணைத்தான் பார்ப்பார். நுனி தண்ணீரில் முங்காமல் பார்த்துக்கொள்வார்.

எண்களைப் படிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் ஆக்சிஜன். காரணம், தீப்பற்றும் வாயுவை அளக்கும் சூடான மணிச் சென்சார் அந்த வாயுவைத் தன்மேல் எரித்துத்தான் அளக்கிறது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத குழியில் மீத்தேன் நிறைந்திருந்தாலும் அது குறைத்தே காட்டும். எண் சடசடவென்று ஏறிவிட்டுத் திடீரென்று இறங்கினால் வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. அளவு மிஞ்சிவிட்டது என்பதற்கும் அது அடையாளம். ஆக்சிஜனுக்குப் பிறகு தீப்பற்றும் வாயு, கடைசியில் நச்சு வாயுக்கள்.

இங்கே ஒரு கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் மட்டும் காட்டும் மீட்டரை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் இடங்கள் நிறைய. குழியில் 1,000 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும் அளவு. ஆனால் 1,000 பிபிஎம் என்பது மொத்தக் காற்றில் வெறும் 0.1 சதவீதம். அது தள்ளிவிடும் ஆக்சிஜன் 0.02 சதவீதம். திரையில் 20.9 என்பது 20.9 ஆகவே நிற்கும். ஆக்சிஜன் மீட்டர் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்க ஆள் செத்துப்போவார். மறுபக்கம், ஆக்சிஜன் 20.9லிருந்து 20.4க்கு இறங்கினால் அலாரம் அடிக்காது. ஆனால் அங்கே வேறு ஏதோ ஒரு வாயு 24,000 பிபிஎம் அளவுக்குப் புகுந்திருக்கலாம் என்று அர்த்தம். அலாரம் அடிக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் எண் ஏன் மாறுகிறது என்று கேட்க வேண்டும்.

கீ லார்கோவில் இந்தச் சோதனை நடந்திருந்தால், குழாய் அடியைத் தொடுவதற்கு முன்பே அலாரம் அடித்திருக்கும். அப்புறம் செய்ய வேண்டியது எளிது. ப்ளோயர் வைத்து, அதன் குழாயை அடிவரை இறக்கி, நல்ல காற்றைச் செலுத்தி, மறுபடி ஐந்து இடத்திலும் அளப்பது. சரியாக வரும்வரை யாரும் இறங்குவதில்லை. வந்த பிறகும் இறங்குகிறவரின் நெஞ்சுப் பக்கத்தில், மூச்சு இழுக்கும் இடத்துக்கு அருகில், ஒரு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏன் என்றால் அடியில் கிடக்கும் சேற்றில் கால் வைத்தாலோ கம்பியால் கிளறினாலோ, குலுக்கிய சோடா பாட்டில் மாதிரி அடைபட்டிருந்த வாயு ஒரே நேரத்தில் பொங்கி வரும். காலை எட்டு மணிக்கு எடுத்த எண் எட்டு மணிக்கு மட்டும்தான் உண்மை.

மீட்டர் வண்டியில் இருந்தபோது

கருவி வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு விபத்தைச் சொல்ல வேண்டும். டெக்ஸஸ் மாநிலத்தில் ஓடெஸா. 2019 அக்டோபர் 26 இரவு. எண்ணெய் வயலில் பூமிக்குள் தண்ணீர் செலுத்தும் ஒரு பம்ப் நிலையத்திலிருந்து, ஒரு பம்பில் எண்ணெய் மட்டம் சரியில்லை என்று அலாரம் வந்தது. ஊழியர் ஒருவர் தனியாகப் போனார். பம்ப் இருந்த கட்டடத்துக்குள் வால்வுகளை மூட முயன்றார். பம்பின் மின்சாரம் துண்டிக்கப்படவில்லை. அது தானாக ஓடியது. ஹைட்ரஜன் சல்பைடு கலந்த தண்ணீர் வெளியே கொட்டி, வாயு கட்டடத்துக்குள் நிறைந்தது. அவர் அங்கேயே இறந்தார். வீட்டுக்கு வராத கணவரைத் தேடி மனைவி இரண்டு குழந்தைகளோடு காரில் வந்தார். கணவரைத் தேடி உள்ளே போனவரும் இறந்தார். காரிலிருந்த குழந்தைகள் பிழைத்தார்கள்.

அந்த ஊழியரிடம் ஹைட்ரஜன் சல்பைடு மீட்டர் இருந்தது. அது அவருடைய வண்டியில் இருந்தது. கட்டடத்திலும் நிரந்தர சென்சார்கள் இருந்தன. அவற்றின் சமிக்ஞை கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை, அலாரம் வேலை செய்யவில்லை. விசாரித்த அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், மீட்டரை அணிந்தே ஆக வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தியதற்கு எந்தச் சான்றும் இல்லை என்று சொன்னது. இரண்டு அடுக்குப் பாதுகாப்பும் காகிதத்தில் இருந்தது. இறந்துபோனவரின் கவனக்குறைவு என்று இதை முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. மீட்டர் இல்லாமல் கதவைத் தாண்ட முடியாது என்று ஒரு வழக்கத்தை நிறுவனம் உண்டாக்கியிருந்தால், அந்த இரவு அது வண்டியில் கிடந்திருக்காது.

நாற்றமே இல்லாத சாவு

ஹைட்ரஜன் சல்பைடாவது முதலில் நாற்றம் கொடுக்கும். ஆக்சிஜன் குறைவு அதுவும் கொடுக்காது. 2007 செப்டம்பர் 23 அன்று வட கடலில் வைக்கிங் ஐலா என்ற கப்பலில் நடந்ததைப் பாருங்கள். நங்கூரச் சங்கிலி மோதிச் சத்தம் போடுகிறது என்று அதைக் கட்டிவைக்க மாலுமிகள் சங்கிலி அறைக்குப் போனார்கள். இறங்கியவர் விழுந்தார். அடுத்தவர் உதவிக்குப் போய் விழுந்தார். மூன்றாமவர் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு வந்தார். அதோடு அந்தத் திறப்புக்குள் நுழைய முடியவில்லை. அதைக் கழற்றிவிட்டு, தப்பி ஓடுவதற்காக வைத்திருக்கும் சிறிய மூச்சு முகமூடியைப் போட்டு இறங்கினார். உள்ளே அது கழன்றது. மூவரும் இறந்தார்கள்.

அந்த அறையில் எந்த வாயுவும் கசியவில்லை. சங்கிலியும் சுவரும் துருப்பிடித்துத் துருப்பிடித்து, மூடிய அறையிலிருந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டிருந்தன. அது ஒரு மீட்புக் கப்பல். கடலில் ஆபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் பயிற்சி பெற்றவர்கள் அதில் இருந்தார்கள். கீ லார்கோவின் குறுகிய திறப்பும், கழற்றப்பட்ட காற்று உருளையும் பத்து வருடம் முன்பே வட கடலில் நடந்து முடிந்த கதை என்பது எனக்கு மிகவும் வலிக்கிறது.

இது போன்ற சாவுகள் தொடர்ந்ததால் 2016 ஜூலை 1 முதல், சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் வரும் கப்பல்கள் நான்கு வாயுவையும் அளக்கும் கையடக்கக் கருவியை வைத்திருப்பது கட்டாயமானது. கப்பலில் வேலை பார்க்கும் நம்மவர்கள் தங்கள் கப்பலில் அது எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது அளவு திருத்தினார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

மீட்கப் போனவர்கள்

அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கப் பணிநல ஆய்வு நிறுவனம் 1986லேயே எச்சரித்தது. கீ லார்கோவில் இறந்த மூவரில் இருவர் அப்படி. ஓடெஸாவில் இருவரில் ஒருவர். வைக்கிங் ஐலாவில் மூவரில் இருவர்.

இதில் அறியாமை மட்டும் காரணமில்லை. கண்ணெதிரே கூட வேலை பார்க்கிறவன் விழும்போது நிற்கச் சொன்னால் யாராலும் நிற்க முடியாது. ஆகவே அந்த நேரத்தில் மனஉறுதியை நம்புவதைவிட, முன்கூட்டியே கைக்கு ஒரு வேலை கொடுத்து வைப்பது நல்லது. வெளியே நிற்கும் ஆளுக்கு, வளைகுடா நாடுகளில் ஹோல் வாட்ச் என்பார்கள், முதல் விதி இதுதான்: அவர் எந்தக் காரணத்துக்கும் உள்ளே போகக் கூடாது. வின்ச்சைச் சுற்றுவது, ப்ளோயரை ஓடவிடுவது, உதவிக்கு அழைப்பது, மீட்டர் குழாயை மறுபடி இறக்கிப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. ஒருவர் விழுந்துவிட்டார் என்றால், அதையே ஒரு மீட்டர் எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே உயிர் பறிக்கும் காற்று இருக்கிறது என்று அந்த உடல் சொல்கிறது. வேறு காரணம் தெரியும்வரை மாரடைப்பு என்றோ வழுக்கி விழுந்தார் என்றோ நினைக்கக் கூடாது.

நம் ஊர்க் கிணறும் செப்டிக் டேங்கும்

பாழுங்கிணற்றில் இறங்கும் முன் அரிக்கேன் விளக்கையோ மெழுகுவர்த்தியையோ கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் கிராமங்களில் பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள். இறங்கும் முன் சோதிக்க வேண்டும், ஆளுக்கு முன்னால் ஏதாவது ஒன்றை அனுப்ப வேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் தீபம் ஆக்சிஜன் சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கும்வரை எரியும். ஹைட்ரஜன் சல்பைடு 1,000 பிபிஎம் இருந்தாலும் நன்றாகவே எரியும். செப்டிக் டேங்கில் மீத்தேன் இருந்தால் வெடிக்கும். தீக்குச்சியைப் பற்றவைத்துப் போட்டுப் பார்ப்பதும் அப்படியே. கார்பன் டை ஆக்சைடு தேங்கிய பழைய கிணற்றுக்கு உண்டான சோதனையை மலக்குழிக்குக் கொண்டுபோகக் கூடாது.

இந்தியாவில் சட்டம் இதைவிட ஒரு படி மேலே நிற்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதே குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். அதே ஆண்டு வந்த விதிகளில் கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியலில் நாலு வாயு மீட்டரும் இருக்கிறது. சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. யாரும் இறங்கத் தேவையே இல்லாத நிலைக்குப் போக வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்புகளின் திசை. என் நிலைப்பாடும் அதுவே. மலக்குழிக்கு இயந்திரம்தான் தீர்வு, மீட்டர் கொடுத்து ஆளை இறக்குவதற்கான சாக்காக இந்தக் கட்டுரையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் தொட்டி கழுவும் வேலை, பாய்லருக்குள் வெல்டிங், ரசாயன ஆலையின் கலவைக் கலன், சாயப்பட்டறையின் சுத்திகரிப்புத் தொட்டி, கேபிள் குழி என்று ஆள் இறங்கியே ஆக வேண்டிய இடங்கள் இன்னும் ஏராளம். அங்கெல்லாம் ஒப்பந்தப் பத்திரத்திலேயே சில வரிகள் சேர்த்தால் பெரிய மாற்றம் வரும் என்று நினைக்கிறேன். வேலைக்கு வரும் மீட்டரின் வரிசை எண், கடைசியாக அளவு திருத்திய தேதி, அன்றைய காலைச் சோதனையின் முடிவு. ஒவ்வொரு ஆழத்திலும் எடுத்த நான்கு எண்கள், நேரத்தோடு. அவற்றுக்குக் கீழே மேற்பார்வையாளரின் கையெழுத்து மட்டும் இருந்தால் போதாது, இறங்கப் போகிறவரின் கையெழுத்தும் வேண்டும், திரையைத் தானே பார்த்த பிறகு. எண் பிடிக்கவில்லை என்று அவர் இறங்க மறுத்தால் அன்றைய கூலி பிடிக்கப்படாது என்ற வரியும் அதே தாளில் இருக்க வேண்டும்.